கனடா வியாழக்கிழமை

இளையதம்பியிடம் தூரத்தைச் சொன்னால் போதும், நேரத்தை அவர் சொல்லிவிடுவார். யுத்தத்தில் மூடிக் கிடந்த ஏ9 பாதை திறந்த காலத்திலிருந்து மானிப்பாயிலிருந்து தம்புள்ளைக்கு வெங்காய லொறி விட்ட மனிதர். எத்தனை மணிக்கு மூட்டை ஏறினால் எத்தனை மணிக்கு இறங்கும் என்பதில் அவர் சொல் பிழைத்ததில்லை. ஆகவே தங்கை கமலாவதியின் மகன் கஜீபன் ரொறன்ரோவிலிருந்து கலியாணத்துக்கு வருகிறான் என்றதும், எப்போது வந்து சேருவாய் என்று அவனிடம் கேட்பது அவருக்குத் தேவையில்லாத வேலையாகப் பட்டது. எப்போது வெளிக்கிடுகிறாய் என்று மட்டும் கேட்டார். மிச்சத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் இடையில் பதின்மூவாயிரத்து எழுநூறு கிலோமீற்றர் என்று யாரோ போனில் பார்த்துச் சொன்னார்கள். விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் போகும். பிரித்தார். பதினைந்து மணித்தியாலம். செவ்வாய் பின்னேரம் அங்கே ஏறினால், எவ்வளவு சுணங்கினாலும் புதன் பின்னேரம் இங்கே இறங்கவேண்டும். முடிந்தது கணக்கு.

"லொறி எண்டாலும் புளியங்குளத்திலை தேத்தண்ணிக்கு நிப்பாட்டோணும். பிளேனுக்கு அந்தக் கரைச்சலும் இல்லை" என்றார்.

விமானமும் தேநீருக்கு நிற்கும் என்பதும், அது கட்டாரில் சில மணித்தியாலமும் சென்னையில் ஒரு முழு இரவும் நின்று ஆறுதலாகக் குடிக்கும் என்பதும் பாவம் அவருக்குத் தெரியாது. தெரியாதவர் சும்மா இருந்திருக்கலாம். இந்தக் கணக்கை நம்பிச் சாத்திரியாரிடம் போய், பொன்னுருக்கலுக்கு வியாழக்கிழமை காலையில் நேரம் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பொன்னுருக்கல் என்பது விளையாட்டில்லை. மாப்பிள்ளை வீட்டில் ஆசாரியார் வந்திருந்து, மாப்பிள்ளை கையால் எடுத்துக் கொடுக்கும் தங்கக் காசைத் தாலிக்காக உருக்குவார். உருகிவிட்டால் பாதிக் கலியாணம் ஆனமாதிரி. அதன்பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறைக்கு வரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது. வீட்டுப் படலையைத் தாண்டவும் விடமாட்டார்கள். வேண்டாம் என்று யாருக்காவது சொல்ல இருந்தால் அந்தக் காசு முழுசாக இருக்கும்போதே சொல்லிவிடவேண்டும்.

தாரிகாவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கேட்க ஒன்று இருந்தது.

தாரிகா அரியாலைப் பெண். பிரதேச செயலகத்தில் வேலை, சொந்தமாக ஒரு ஸ்கூட்டி, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற சுபாவம். கஜீபனைச் சம்பந்தம் பேசி எட்டு மாதம். அவனை அவள் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வருவான், கழுத்துக்கு மேலே மட்டும். அவனுக்கு நடை எப்படி, நிற்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வான், ஒன்றும் தெரியாது. அதையெல்லாம் அவள் பெரிதாக எடுக்கவில்லை. அவளை அரித்தது வேறொன்று.

யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. இங்கே ஒருவர் சொல்ல, அது கடல்களைத் தாண்டி அங்கே போக, அங்கிருந்து மறுமொழி புறப்பட்டு இங்கே வர, அதற்குள் இரண்டு பக்கமும் பொறுமை கெட்டு "கேக்குதோ, கேக்குதோ" என்று கத்தும். யார் யோசிக்கிறார்கள், எது லைன் பிழை என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று கிழமைக்கு முன் ஒரு ஞாயிறு, தாரிகா நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு கஜீபனிடம் கேட்டாள்.

"உங்களுக்கு இந்தக் கலியாணம் மனமோ, இல்லாட்டி மாமியின்ரை ஆக்கினைக்கு ஓம் எண்டனீங்களோ?"

மறுமொழி வரவில்லை. ஒரு ஆள் செம்பில் தண்ணீர் அள்ளிக் குடித்து முடிக்கிற நேரம் வரவில்லை. படம் உறைந்து நிற்பது போலவும் இருந்தது, அவன் கண் இமைத்தது போலவும் இருந்தது. பிறகு குரல் வந்தது. "ஓம், மனந்தான்."

அந்த இடைவெளி லைனுடையதா, அவனுடையதா? மூன்று கிழமையாக அவளுக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. திரும்பப் போனில் கேட்டால் திரும்பவும் அதே லைன்தான் நடுவில் நிற்கும். நேரே நிறுத்தி, கண்ணைப் பார்த்து, இடையில் கடலும் கம்பியும் இல்லாமல் கேட்கவேண்டும். அதுவும் பொன் உருகமுன்னம். தாய்க்காகத் தலையாட்டின ஒருவனோடு ரொறன்ரோவின் குளிரில் காலம் தள்ள அவளால் ஆகாது.

அதனால்தான் இளையதம்பியின் புதன்கிழமை அவளுக்கு இனித்தது. வந்திறங்கிய கையோடு பிள்ளை நல்லூரானைக் கும்பிடட்டும், தாரிகாவும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அங்கே வரட்டும் என்று கமலாவதியே சொல்லியிருந்தாள். நல்ல மனுசி. கோயில் வீதியில் ஒரு ஐஸ்கிறீம் குடிக்கிற நேரம் போதும் தாரிகாவுக்கு.

கடைசி ஞாயிற்றுக்கிழமை கஜீபன் போனில், "வியாழன் மத்தியானம் பலாலியிலை இறங்குவன்" என்றான். தாரிகாவுக்குப் பகீரென்றது. உடனே கமலாவதிக்குச் சொன்னாள். கமலாவதி தமையனுக்குச் சொன்னாள். இளையதம்பி சிரித்தாராம்.

"அவன் சொல்லுறது கனடா வியாழக்கிழமை. அங்கை வியாழன் எண்டால் இஞ்சை புதன். உது தெரியாமல் பதறிறியள்."

விடியல் இங்கேதான் முதலில் வருகிறது, கனடா நமக்குப் பின்னால்தான் எழும்புகிறது என்பதை மனுசன் தலைகீழாகப் பிடித்துவிட்டார். பலாலியில் இறங்குகிற விமானம் பலாலிக் கிழமையில்தான் இறங்கும் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. சரி, அவர் லொறிக்காரர். பட்டப்படிப்புப் படித்த தாரிகா ஒரு நிமிடம் யோசித்திருந்தால் பிடித்திருப்பாள். அவள் யோசிக்கவில்லை. தனக்கு வேண்டியதை நம்புவதற்கு யார்தான் கணக்குப் பார்க்கிறார்கள்.

புதன் பின்னேரம் வந்தது. மானிப்பாயிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் மாலையும் கையுமாகப் பலாலிக்குப் போனார்கள். தாரிகா மாம்பழ நிறச் சேலையில், தங்கை றஜிதாவோடு நல்லூர் வாசலில் நின்றாள். ஒரு பூசை முடிந்தது. கச்சான் வாங்கிக் கொறித்தார்கள். போன் அடித்தது. கமலாவதியின் குரல் கம்மியிருந்தது. இன்றைய விமானம் மத்தியானமே வந்து திரும்பிப் போய்விட்டது, இனி நாளைக்குத்தான் என்று வாசலில் நின்ற காவல்காரர் சொல்லிவிட்டாராம். மாலை வானுக்குள் வாடுகிறதாம்.

தாரிகா வீதியோரத்திலேயே நின்று, கஜீபன் அனுப்பியிருந்த விமான இலக்கத்தைப் போனில் போட்டுப் பார்த்தாள். வரைபடம் விரிந்தது. அரபிக்கடலின் மேலே ஒரு சின்ன மஞ்சள் விமானம், மூக்கு சென்னைப் பக்கம். அதற்குள் அவன். வியாழன் என்றால் வியாழனேதான். இதை முந்தியே பார்த்திருக்கலாமே என்று தன்மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது.

அதைவிடப் பெரிய இடி பிறகுதான் விழுந்தது. இளையதம்பி தோற்றுப்போகிற ஆள் இல்லை. குறித்த நேரத்தை விடக்கூடாது, பெடியன் விடியும்வரை சென்னையில்தானே நிற்பான், போனில் முகத்தைக் காட்டட்டும், காசை அவனுக்குப் பதிலாகத் தான் எடுத்துக் கொடுக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். செத்தவீட்டையே போனில் காட்டுகிற காலத்தில் பொன்னுருக்கலைக் காட்டினால் என்ன என்று கேட்டாராம். அந்த மட்டில் கஜீபனுக்கு ஒரு குரல்பதிவும் அனுப்பிவிட்டார்: காலமை குளிச்சு, வேட்டி இல்லாட்டிலும் பரவாயில்லை, திருநீறு பூசிக்கொண்டு இரு.

நாளைக் காலை பொன் உருகும். மத்தியானம் அவன் வந்திறங்குவான். அவள் படலைக்குள் இருப்பாள். கேட்க நினைத்ததை மணவறைப் புகைக்குள் இருந்துகொண்டா கேட்பது?

"அக்கா, முகம் ஏன் உப்பிடி?" என்று றஜிதா கேட்டாள். தாரிகா போனில் எழுதத் தொடங்கினாள். கலியாணத்துக்கு நிற்கிற பெண் எழுதக்கூடிய விசயமா இது? இரண்டு தரம் அழித்தாள். மூன்றாம் தரம் அனுப்பினாள்.

"நாளைக்குக் காலமை வீட்டாக்கள் போன் எடுப்பினம். தயவுசெய்து எடுக்காதேங்கோ. பொன்னுருக்க முன்னம் உங்களை நேரை பாத்து ஒண்டு கேக்கோணும்."

ஒற்றைச் சரி விழுந்தது. ஒன்றே ஒன்று. அவன் ஆகாயத்தில். மாமனுடைய குரலும் அவளுடைய எழுத்தும் அந்த மஞ்சள் விமானத்துக்குப் பின்னால் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. எது முந்திப் போய்ச் சேரும், எதை அவன் கேட்பான், யாருக்குத் தெரியும்.

வியாழன் விடிந்ததும் போனைத்தான் பார்த்தாள். இரண்டு சரி. அப்பாவும் றஜிதாவும் பெண் வீட்டுச் சார்பில் மானிப்பாய்க்குப் போய்விட்டார்கள். தாரிகா குளித்துவிட்டு வந்து பார்த்தபோது இரண்டு சரியும் நீலமாகியிருந்தன. வாசித்துவிட்டான். மறுமொழி இல்லை. ஒரு சொல், ஒரு பொம்மை முகம்கூட இல்லை.

மானிப்பாயிலிருந்து றஜிதா குரல்பதிவுகளாகக் குசுகுசுத்தாள். ஆசாரியார் வந்திருந்துவிட்டார். கரி சிவந்துவிட்டது. வெற்றிலையில் காசு இருக்கிறது. இளையதம்பி மாமா சால்வையைச் சரிசெய்துகொண்டு போனைத் தூக்குகிறார். எல்லாரும் அதையே பார்க்கிறார்கள்.

தாரிகா அடுத்த பதிவைத் தட்டினாள்.

மணி போகிறது, அக்கா. எடுக்கேல்லை. திரும்ப எடுக்கிறார். திரும்பவும் எடுக்கேல்லை. கமலாவதி மாமி முருகா முருகா என்கிறாள். இப்ப போன் நிப்பாட்டியிருக்கெண்டு போனுக்குள்ளை பொம்பிளை ஒருத்தி சொல்லுறாள். மாமா அவளோடை சண்டை பிடிக்கிறார். ஆசாரியார் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

கடைசிப் பதிவு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. நேரம் போயிட்டுது, அக்கா. காசைத் திரும்பச் சாமியறையிலை வைச்சிட்டினம். இனி நாளைக்கு விடியப்புறம்தான் நேரமாம்.

தாரிகா கட்டிலில் அப்படியே இருந்துவிட்டாள். சந்தோசம் பொங்கிக்கொண்டு வந்தது, அதன் காலைப் பிடித்துக்கொண்டு பயமும் வந்தது. சொன்னபடி செய்தான். ஆனால் ஏன் ஒரு சொல் எழுதவில்லை? இப்படி எழுதுகிறவள் எனக்கு வேண்டாம் என்று நினைத்துத்தான் போனை நிறுத்தினானோ? அவள் போன் எடுத்துப் பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பெண்தான் பதில் சொன்னாள்.

போதும், இந்தப் போனோடு இனி மல்லுக்கட்ட முடியாது என்று எழும்பினாள். ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள். எங்கே என்று அம்மா கேட்க, பலாலிக்கு என்றாள். அம்மா வாயில் கையை வைத்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஹெல்மெற்றை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

என்ன ஓட்டம் ஓடினாள் அன்றைக்கு! கல்வியங்காடு, கோண்டாவில் வழியெங்கும் சைக்கிள்காரர் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். உரும்பிராய்ச் சந்தியில் ஒரு ஓரமாக நிறுத்திப் போனைப் பார்த்தாள். மஞ்சள் விமானம் கோடியக்கரையைத் தாண்டிக் கடலுக்கு வந்துவிட்டது. பதின்மூவாயிரத்து எழுநூறில் இன்னும் நூறுகூட மிச்சம் இல்லை. இந்தா, இந்தக் கடலுக்கு மேலே இருக்கிறான். லைனில் இல்லை, உண்மையாகவே இருக்கிறான்.

புன்னாலைக்கட்டுவனுக்கு அப்பால் இருபக்கமும் சிவந்த மண்ணும் வெங்காயப் பாத்திகளும். காற்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. வசாவிளானைத் தாண்டும்போது தலைக்கு மேலே இரைச்சல் கேட்டது. நிமிர்ந்தாள். சின்ன விமானம் தாழப் பறந்து, சில்லை வெளியே விட்டபடி, அவள் போகிற திசையிலேயே போனது. தாரிகா வீதியில் தனியாக, ஹெல்மெற்றுக்குள்ளே, வாய்விட்டுச் சிரித்தாள். ஸ்கூட்டியை இன்னும் முறுக்கினாள். விமானத்தோடு போட்டிபோட்டு அதில் தோற்பதுகூட அவளுக்குச் சந்தோசமாக இருந்தது.

சொந்தக்காரர் நிற்கிற இடத்தில் இளையதம்பி ஏற்கெனவே நின்றார். நேற்றைய மாலைக்குப் பதில் புது மாலை. பக்கத்தில் கமலாவதி, அழுது வீங்கின கண்ணோடு. தாரிகாவைக் கண்டதும் இளையதம்பி துள்ளினார்.

"பிள்ளை, நீர் இஞ்சை வரப்படாதெல்லோ! மாப்பிள்ளையைப் பாக்கப்படாது."

"பொன் உருகேல்லையே மாமா" என்றாள் தாரிகா. "இன்னும் பாக்கலாம்."

கமலாவதி தமையனைப் பார்க்காமல் தாரிகாவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

கஜீபன் வந்தான். கழுத்துக்குக் கீழேயும் ஆள் இருந்தது. சிவப்பு நாடா கட்டிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு, அவசரமில்லாமல், கொஞ்சம் முன்னுக்குச் சரிந்த நடை. நெற்றியில் திருநீறு. மாலை விழுந்தது, தாய் கட்டிப்பிடித்தாள். தாரிகாவைக் கண்டான். கண்டவன் பெட்டியைத் தள்ளுவதை மறந்து நின்றுவிட்டான்.

"பயணமெல்லாம் எப்பிடி?" என்றார் இளையதம்பி, தன் கணக்கைப் பற்றி யாரும் கதைக்கமுன்னம்.

கஜீபன் அவரைப் பார்த்தான். யோசித்தான். ஒரு ஆள் செம்பில் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம் போனது. "பரவாயில்லை" என்றான்.

தாரிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சாப்பிட்டாயா என்று தாய் கேட்டாள். அதே இடைவெளி. ஓம் என்றான். பெட்டியைப் பின்னால் போடவா, சீற்றில் வைக்கவா என்று வான்காரர் கேட்டார். அதற்கும் அதே இடைவெளி, வான்காரர் ஏதும் பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று விழித்தார். "உவன் சின்னனிலையும் உப்பிடித்தான். ஒரு கேள்வி கேட்டிட்டு ஒரு பஸ்ஸைப் பிடிச்சுச் சுன்னாகம் போய் வரலாம்" என்று இளையதம்பி சலித்துக்கொண்டார்.

அப்படியென்றால் அன்றைக்கு லைன் பிழை இல்லை. அவன்தான் யோசித்திருக்கிறான். பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கே யோசிக்கிறவன் கலியாணத்துக்கு யோசிப்பான்தானே என்று ஒரு மனம் சொன்னது. ஆனாலும் யோசித்தல்லவா சொன்னான் என்று மற்ற மனம் குத்தியது. கமலாவதி அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன விளங்கிற்றோ, வான்காரருக்குப் பெட்டியை வடிவாய் வைக்கத் தெரியாது என்று தமையனை வானடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வேப்பமர நிழலில் இரண்டு பேரும் தனியே நின்றார்கள். இடையில் ஒரு முழத் தூரம் இருக்கும்.

"போனை நிப்பாட்டிப்போட்டு ஒரு சொல்லும் எழுதேல்லை நீங்கள்" என்றாள் தாரிகா.

அவன் யோசித்தான். "எழுதினால் நீர் திரும்ப எழுதுவீர். பிறகு கேக்கவேண்டியதைப் போனிலையே கேட்டிடுவீர். நேரை கேக்கோணும் எண்டனீரெல்லோ."

இப்போது கேட்காவிட்டால் ஒருநாளும் கேட்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அவன் கண்ணை நேரே பார்த்தாள்.

"உங்களுக்கு இந்தக் கலியாணம் மனமோ, இல்லாட்டி மாமிக்கா..."

"மனம்."

கேள்வி முடியவில்லை. அவனுடைய சொல் வந்து நின்றுவிட்டது. தாரிகா திகைத்துப்போனாள். மகிழ்ச்சி காலிலிருந்து ஏறிக்கொண்டு வந்தாலும், மூன்று கிழமை வயிற்றெரிச்சலைச் சும்மா விட அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்ப அண்டைக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்தனீங்கள்?"

"அண்டைக்கும் உடனைதான் சொன்னனான்" என்றான் கஜீபன். "உம்மட்டை வந்து சேரத்தான் நேரம் போயிருக்கும்."

தாரிகாவின் கண் நிறைந்துவிட்டது. அவன் பார்க்கட்டும் என்று அவள் துடைக்கவும் இல்லை. வானடியில் இளையதம்பி கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அவரை நோக்கி நடந்தாள்.

"மாமா, நாளைக்கு விடிய எத்தினை மணிக்குப் பொன்னுருக்கிறது?"

இளையதம்பி சந்தோசத்தோடு விரல் மடிக்கத் தொடங்கினார். கமலாவதி அந்தக் கையை எட்டிப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, சாத்திரியாருக்குப் போன் எடுத்தாள்.